எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

வணக்கம்.

நெடுஞ்சாலை வழக்கு ஒன்று உங்கள் முன் வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது "வேலை எப்போது முடியும்?" என்பதுதான். எதிரே நிற்கும் வழக்கறிஞரிடம் அதற்கு ஒரு மாதத்தின் பெயர் தயாராக இருக்கும். அது பதிவாகும், மறுநாள் பேப்பரில் வரும், நாங்களும் படித்துவிட்டு, சரி, இந்தப் பொங்கலுக்காவது நிம்மதியாக ஊருக்குப் போய் வரலாம் என்று நினைத்துக்கொள்வோம். அந்த மாதம் வரும், போகும். அப்புறம் ஒரு நிலை அறிக்கை, நான்கு வாரம் அவகாசம், இன்னொரு மாதத்தின் பெயர். அந்தக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் வக்கீல் இல்லை. பூந்தமல்லியில் ஒரு ஐச்சரும் ஒரு குட்டியானையும் வைத்து, கிருஷ்ணகிரி பக்கமிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி லோடு அடிப்பவன். பெங்களூரு நெடுஞ்சாலைதான் எனக்குச் சோறு போடுகிறது, என் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை உடைப்பதும் அதேதான். நீதிமன்றத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், சுங்கம் கட்டியிருக்கிறேன், அந்தத் தகுதிதான்.

2020 டிசம்பரில் இந்த நீதிமன்றம் செய்த ஒரு காரியத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் பேசுகிறோம். மதுரவாயலில் இருந்து வாலாஜாபேட்டை வரை சாலை படுமோசமாகக் கிடந்ததைப் பார்த்து, அதைச் சரிசெய்யும்வரை நெமிலி, சென்னசமுத்திரம் இரண்டு சுங்கச்சாவடியிலும் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டீர்கள். ஃபாஸ்டேக்கில் பாதிக் காசு பிடித்ததாக மெசேஜ் வந்தபோது என் டிரைவர் அது ஏதோ கோளாறு என்று நினைத்து எனக்குப் போன் செய்தார். கோளாறு இல்லைப்பா, கோர்ட்டு ஆர்டர் என்றேன். அந்த உத்தரவு வந்த பிறகுதான் ஒட்டுப்போடும் வண்டிகளும் தார் டிரம்களும் சாலையில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. எத்தனையோ மனு, எத்தனையோ மறியல் செய்யாததைக் கல்லாவில் கைவைத்த ஒரு உத்தரவு செய்தது.

ஆனால் அதற்கு அடுத்த கட்டத்தையும் சொல்ல வேண்டும். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2022 டிசம்பரில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரிக்குக் கடிதம் எழுதினார். ஸ்ரீபெரும்புதூர் – வாலாஜாபேட்டை சாலை இருக்கும் நிலையில், அந்தப் பக்கத்து மாவட்டங்களுக்குத் தான் ரயிலில் போக வேண்டியிருந்தது என்று அதில் சொல்லியிருந்தார். முதலமைச்சருக்கு ரயில் இருக்கிறது. தக்காளிக்கு?

பாதிக் கட்டண உத்தரவுக்குப் பிறகும் ஏன் இப்படி? என் யோசனைக்குப் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் பள்ளத்தைப் பற்றிக் கேட்டீர்கள், பள்ளத்தை மூடினார்கள். உண்மையான நோய் பள்ளத்தில் இல்லை. நாலு வழியை ஆறு வழியாக்குகிறோம் என்று இறங்கிய வேலை நடுவில் நின்றதால்தான் பழைய சாலையைக் கவனிக்க ஆளில்லாமல் போனது, ஊருக்கு ஊர் பாதி கட்டிய மேம்பாலத்தைச் சுற்றி மாற்றுப்பாதை வந்தது, அந்த மாற்றுப்பாதையில்தான் பள்ளமே விழுந்தது.

அரைகுறை மேம்பாலம் எப்படி இருக்கும் என்று காரின் பின்சீட்டில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சாலை நேராகப் போகும், திடீரென்று மண்மூட்டைகளும் சிவப்புத் துணி கட்டிய கம்பும் வரும், "பணி நடைபெறுகிறது" என்ற பலகை பாதி சாய்ந்து நிற்கும். இடதுபக்கம் இறங்கினால் ஒரு வண்டி போகும் அகலத்தில் சர்வீஸ் ரோடு, அதிலேயே எதிரே வரும் பைக், பஞ்சர் கடை, ஷேர் ஆட்டோ. வலதுபக்கம் சுவருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியெல்லாம் துருவேறி, மழை பெய்தால் அந்தத் துருநீர் சுவரில் காவிக் கோடாக இறங்கியிருக்கும். கோடு எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்த்தாலே எத்தனை மழைக்காலம் வேலை நின்றிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்படி ஓரிடத்தில் இரவு இரண்டு மணிக்கு என் ஐச்சர் இறங்கி, பட்டை உடைந்து, விடியும்வரை அப்படியே நின்றது. கிரேட்டில் அடித்தட்டில் இருந்த தக்காளி நசுங்கிச் சாறு பின்கதவு வழியாக ஒழுகியது. கோயம்பேட்டில் அதிகாலைக்குள் சரக்கு இறங்காவிட்டால் அந்த நாள் விலை போச்சு. வாங்கிய கட்டணத்துக்கு ரசீது இருக்கிறது, இதற்கு எந்த ரசீதும் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை ஏன் நிற்கிறது என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இன்படி முதலில் நிலம் எடுக்கப்போகிறோம் என்ற 3ஏ அறிவிக்கை, ஒரு வருடத்துக்குள் நிலத்தை எடுத்தாயிற்று என்ற 3டி அறிவிப்பு வராவிட்டால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் இழப்பீடு, அதை முடிவுசெய்ய நிலமெடுப்பு வருவாய் அலுவலர், அவருக்கு ஆள் பற்றாக்குறை. ஒப்பந்த வகையைப் பொறுத்து 80 அல்லது 90 சதவீத நிலம் கையில் இருந்தாலே வேலையைத் தொடங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 10, 20 சதவீதம் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வயல்வெளியில் இருக்காது. ஊருக்கு நடுவே, கடையும் வீடும் கோயிலும் இருக்கும் இடத்தில், அதாவது மேம்பாலம் வர வேண்டிய இடத்தில் இருக்கும். அதனால்தான் இரண்டு ஊருக்கு நடுவே சாலை வழவழவென்று முடிந்து, ஊருக்குள் வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்குமேல் உயரழுத்த மின்கம்பம் நகர்த்த மின்வாரியம், குழாய் நகர்த்தக் குடிநீர் வாரியம், கரை கட்டச் சவுடு மண் எடுக்கக் கனிமவளத் துறை அனுமதி. ஒப்பந்தக் கம்பெனியிடம் பணம் தீர்ந்துபோவதும் உண்டு, அதைக் கடைசிவரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, ஒரு சாலை நின்றால் அது ஒன்றியத்தின் மேஜையில் நிற்கலாம், மாநிலத்தின் மேஜையில் நிற்கலாம், கம்பெனியின் மேஜையில் நிற்கலாம். நீங்கள் "எப்போது" என்று கேட்கும்போது இந்த மூன்று மேஜையும் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொள்ள வசதியாகிவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு தேதி, தவறினால் யாருக்கும் பொறுப்பில்லை.

பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அனுபவத்தைப் பாருங்கள். மும்பை – கோவா நெடுஞ்சாலை வேலை 2011-ல் தொடங்கியது. ஒரு வழக்கறிஞர் பொதுநல வழக்குப் போட்டு, பல வருடமாக அந்த நீதிமன்றம் அரசைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் இதை முடியுங்கள், புதுத் திட்டங்களை அப்புறம் பார்க்கலாம் என்ற பொருளில் 2021-ல் கடுமையாகவே கண்டித்தது. கெடுமேல் கெடு வாங்கிப் போனார்கள், சாலை முடியவில்லை. 2023 அக்டோபரில் சிப்ளூணில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலமே சரிந்து விழுந்தது. நீதிபதிகள் கோபப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோபம் வந்தது, கெடு வந்தது, அதே கேள்வியும் திரும்பத் திரும்ப வந்தது.

நம் ஊர்க் கதை இதைவிட விசித்திரம். சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவம் ஓரமாகத் தூண்கள் எழும்பின. 2012-ல் மாநில அரசு, தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று வேலையை நிறுத்தியது. விவகாரம் உங்கள் நீதிமன்றத்துக்கு வந்தது, 2014 பிப்ரவரியில் நிறுத்தியது செல்லாது, வேலையைத் தொடரலாம் என்று தீர்ப்பானது. தொடர்ந்ததா? மேல்முறையீடு, ஆட்சி மாற்றம், பேச்சுவார்த்தை, வடிவமைப்பு மாற்றம். 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து ஈரடுக்குப் பாலமாக அதே சாலைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். 2,000 கோடிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை 5,000 கோடியைத் தாண்டிவிட்டது. அமைந்தகரை, அரும்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மொட்டைத் தூண்கள் ஒரு அடையாளமாகவே ஆகிப்போயின, பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். புது வேலைக்காக அதில் பலவற்றை இடிக்க வேண்டி வந்தது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். வழக்கில் தீர்ப்பு சரியாகவே வந்தது. தீர்ப்புக்குப் பிறகு தூண் ஏன் எழும்பவில்லை என்று கேட்கத்தான் யாரும் இல்லாமல் போனது. தீர்ப்புச் சொன்னதும் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. நீங்கள் மேற்பார்வை செய்யலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று எனக்கே தெரிகிறது: ஹவாலா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம், வழக்கை மூடாமல் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டு வேலை வாங்கும் முறையைக் கையாண்டது. சாலைப் பாதுகாப்புக்காக நம் கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்ட வழக்கில் 2014-ல் ஒரு கமிட்டியே அமைத்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகப் போட்டது.

குறிப்பிட்ட காரியத்தைக் குறிப்பிட்ட ஆளிடம் சொன்னால் அரசு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். 2017 ஏப்ரல் 1-க்குள் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடை மூடப்பட்டது. மூன்றரை மாதம்! பல மாநிலங்களில் சாலையின் பெயரையே மாற்றிக் கடையைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் எந்தக் கடை, எத்தனை மீட்டர், எந்தத் தேதி, யார் பொறுப்பு எல்லாம் தெளிவாக இருந்ததால் ஒளிய இடம் இல்லை.

பணத்தில் கைவைப்பது பலன் தரும் என்று முதலிலேயே சொன்னேன். 2025-ல் இரண்டு விதமாகவும் பார்த்தோம். ஜூன் மாதம் உங்கள் மதுரைக் கிளை, மதுரை – தூத்துக்குடி சாலை சரியில்லை என்று எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடிகளில் வசூலுக்குத் தடை போட்டது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், இடப்பள்ளி – மண்ணுத்தி சாலை நிலைமையைப் பார்த்து பாலியேக்கரைச் சுங்கச்சாவடியில் வசூலை நிறுத்தியது. அந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் பக்கம் நின்றது. 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆகிறதென்றால் 150 ரூபாய் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தலைமை நீதிபதியே கேட்டார். அக்டோபர் வரை அங்கே வசூல் இல்லை. எங்களுக்கு ஒன்று புரியவில்லை. ஒரே தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஒரே மாதிரி சாலை, மூன்று மாதத்துக்குள் இரண்டு விதமான முடிவு. சட்டப்படி காரணம் இருக்கும், இருக்கட்டும். லோடு ஏற்றிப் போகிறவனுக்கு அது அதிர்ஷ்டச் சீட்டு மாதிரிதான் தெரிகிறது.

அதே வருடம் ஜூலையில், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் சுங்கக் கட்டணம் பாக்கி வைத்திருக்கின்றன என்று, கப்பலூர் உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று இந்த நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. அரசு அவகாசம் கேட்டதால் அது தள்ளிப்போனது. பணம் பாக்கி வைத்தவன் பேருந்தை நிறுத்தலாம் என்றால், சாலையைப் பாக்கி வைத்தவனின் எதை நிறுத்துவது? குதர்க்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள். ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் எனக்கு இது தெரியும், அப்புறம் ஆணையத்தின் மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சாலை ஒப்பந்தத்திலும் வேலையை இடைக்கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எத்தனையாவது நாளுக்குள் முடிய வேண்டும், தவறினால் ஒரு நாளுக்கு எவ்வளவு அபராதம் என்றெல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. தனியாக ஒரு மேற்பார்வைப் பொறியாளர் இருக்கிறார், அவர் வேலையின் முன்னேற்றத்தை மாதாமாதம் அறிக்கையாகக் கொடுக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியம், கம்பெனி கூடுதல் காலம் கேட்டால் அதற்கு ஒரு கால நீட்டிப்புக் கோப்பு உண்டு. இத்தனை நாள் நிலம் கொடுக்காததால், இத்தனை நாள் மின்கம்பம் நகராததால், இத்தனை நாள் கம்பெனியின் சொந்தக் குறையால் என்று நாள் கணக்கோடு அதில் வாதிட்டு, ஆணையம் ஒப்புக்கொண்டதோ மறுத்ததோ பதிவாகியிருக்கும். நீங்கள் "எப்போது முடியும்" என்று கேட்கும் நேரத்தில், "யாரால் நின்றது" என்பதற்கான பதில் ஒரு அலமாரியில் எழுதிவைக்கப்பட்டு, கையெழுத்தும் போடப்பட்டு, சும்மா கிடக்கிறது.

அந்தக் கோப்பைக் கேளுங்கள். சீல் வைத்த கவரில் வேண்டாம், ஆணையத்தின் இணையதளத்திலேயே போடச் சொல்லுங்கள், மேற்பார்வைப் பொறியாளரின் மாத அறிக்கையையும் கூடவே. புதுக் கமிட்டி, புது ஆய்வு எதுவும் தேவையில்லை, இருக்கும் காகிதம் வெளியே வந்தால் போதும். நிலை அறிக்கையை வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அந்த மாத அறிக்கையை அப்படி எழுத முடியாது, எந்தத் தூணுக்கு எந்தத் தேதியில் கான்கிரீட் போட்டார்கள் என்று அதில் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால் அந்தப் பக்கம் தினமும் போகிற எங்களுக்குத் தெரியும், போட்டோ எடுத்து அனுப்ப ஆயிரம் பேர் இருக்கிறோம். கோப்பில் மாநில வருவாய்த் துறையின் பெயர் இருந்தால் அந்தச் செயலாளரை அழையுங்கள், ஆணையம் என்றால் அதன் மண்டல அதிகாரியை. எல்லாரையும் ஒரே நாளில் நிற்கவைத்து எல்லாரிடமும் ஒரே தேதி வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. பாதிக் கட்டண உத்தரவையும் இதோடு கோத்துவிடலாம்: பள்ளம் மூடியதும் முழுக் கட்டணம் என்று இல்லாமல், இந்த இடைக்கட்டம் முடிந்தால் இவ்வளவு, அடுத்தது முடிந்தால் இவ்வளவு என்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். நிலம் கொடுக்க மாட்டேன் என்று நீதிமன்றத்துக்கு வரும் விவசாயியைத் தாமதக்காரன் என்று நான் சொல்லவில்லை. சென்னை – சேலம் எட்டு வழிச்சாலைக்கான நிலமெடுப்பு அறிவிக்கையை 2019 ஏப்ரலில் நீங்கள் ரத்துசெய்தீர்கள், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது, ஆனால் அந்த மக்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான். அதை விசாரிக்கத்தானே நீதிமன்றம். டெண்டரில் தோற்ற கம்பெனி, ஜெயித்த கம்பெனியின் வேலைக்குத் தடை வாங்குகிறதே, அந்த வகைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டமைப்பு வேலை தாமதமாகும்படித் தடை உத்தரவு கொடுக்கக் கூடாது என்று 2018-லேயே குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் (Specific Relief Act) 20ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள், ஜார்க்கண்ட் சாலை வழக்கு ஒன்றில் 2022-ல் உச்ச நீதிமன்றமும், ரிட் மனுவை விசாரிக்கும் நீதிமன்றங்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்று சொன்னது. அப்படியும் தடைகள் வருகின்றன, வந்து வருடக்கணக்கில் இருக்கின்றன, விலக்கக் கோரும் மனு பட்டியலில் கடைசியில் கிடந்து அன்றைக்கு எட்டாமலே போகிறது.

அதனால் அந்தக் கால நீட்டிப்புக் கோப்பில், இத்தனை நாள் நீதிமன்றத் தடையால் போனது என்று ஒரு வரி இருந்தால், அதையும் மறைக்காமல் மற்ற வரிகளோடு சேர்த்தே வெளியிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பூந்தமல்லி வண்டிக்காரன் ஒருவன்